பச்சை ஸ்டிக்கர்

ஹோப் காலேஜ் நிறுத்தத்தில் திருப்பூர் பஸ் ஏறி, ஜன்னலோரமாக இடம் பிடித்து, மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு உட்கார்ந்ததும் துளசிமணிக்கு முதலில் தோன்றியது, பஸ்ஸில் வந்திருக்கக் கூடாது என்பதுதான். காரில் வந்திருந்தால் ஓட்டுகிற வேலையாவது இருந்திருக்கும். கண் ரோட்டில் இருக்கும், கால் பிரேக்கில் இருக்கும், மனசுக்கும் ஏதோ ஒரு பிடி இருக்கும். இப்போது ஒன்றரை மணி நேரம் கை கால் எல்லாம் சும்மா. மனசு மட்டும் தனியாக, கேட்பாரில்லாமல். திருப்பூருக்கு ஒண்ணு என்று டிக்கெட் வாங்கினாள். கண்டக்டர் சில்லறையை விரல் இடுக்கிலிருந்து உருவிக் கொடுத்துவிட்டு நகர்ந்தார். நாலு மணிக்குக் கூட்டம். திருப்பூரில் ஒரு மண்டபத்தில், சிறு முதலீட்டாளர்கள் நூற்றைம்பது பேர் வருவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். 'ஆடைத் துறைப் பங்குகள்: அடுத்த ஓராண்டில் என்ன எதிர்பார்க்கலாம்?' பேசப்போவது துளசிமணி, பங்குச் சந்தை ஆய்வாளர். நோட்டீசில் அவள் படத்தைக்கூடப் போட்டிருந்தார்கள், நாலு வருஷத்துக்கு முந்தைய படம், கன்னம் இத்தனை ஒடுங்காத படம். பேசுவது புதிதில்லை. பருத்தி விலை, டாலர், அமெரிக்க வரி, பக்கத்து நாடுகளிலிருந்து கை மாறி வரும் ஆர்டர்கள், எந்தக் கம்பெனிக்குக் கடன் குறைவு, எந்தக் கம்பெனி சொந்தமாகச் சாயப்பட்டறை வைத்திருக்கிறது, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். கூட்டமில்லை பிரச்சினை. காலையில் இட்லிக்கு ஊற்றிக்கொண்டிருந்தபோது வந்த போன்தான். "துளசி, நோட்டீசு பாத்தேன். உன்ற பேச்சக் கேக்க நானும் வாரேன். பி.எஃப். பணம் வந்திருச்சு புள்ள. பேங்குல சும்மா கெடக்குது. எதுல போடலாம்னு உன்னையக் கேட்டுத்தான் செய்யோணும்." ரேணுகாதான். ரேணுகாதேவி. கையிலிருந்த கரண்டியிலிருந்து மாவு அடுப்பில் சொட்டிக் கருகும்வரை அவள், வா ரேணு, வா, கண்டிப்பா வா என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். புஷ்பா தியேட்டர் ஸ்டாப்பிலேயே வந்து நிற்கிறேன் என்றாள் ரேணுகா. ஒட்டுக்காப் போயிரலாம் என்றாள்.

ஒட்டுக்கா. அந்த வார்த்தையை அவள் வாயால் கேட்டு இருபத்திநாலு வருஷம். பன்னிரண்டாவது முடித்த கையோடு இரண்டு பேரும் சேர்ந்து, ஒட்டுக்காத்தான் பனியன் கம்பெனிக்குப் போனார்கள், செக்கிங் வேலைக்கு. நீளமான மேஜை, மேலே டியூப்லைட், முன்னால் குவியலாக பனியன்கள். ஒவ்வொன்றாக எடுத்து, உதறி, தையல் விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா, ஊசி பட்டு ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்த்து, பிசிறு வெட்டி அடுக்க வேண்டும். ரேணுகா பார்க்கவே மாட்டாள். உள்ளங்கையைத் துணிக்குள் விட்டு ஒரு தரம் சுழற்றுவாள், ஓட்டை இருந்தால் விரல் சொல்லிவிடும். அப்படி ஒரு கை. துளசிமணிக்கு அந்தக் கை வரவில்லை, அவளுக்குக் கண்தான். காலேஜில் இடம் கேட்டு நேர்முகத்துக்குப் போக வேண்டிய அன்று மேஸ்திரி லீவு தரமாட்டேன் என்றார். நீ பின்வாசல்ல போ, உன்ற குவியலையும் நானே பாத்துக்கறேன் என்றாள் ரேணுகா. ஒன்றரை ஷிப்ட் வேலையை ஒற்றை ஆளாக இரண்டு மேஜையில் பார்த்தாள். துளசிமணி காலேஜுக்குப் போனாள். எம்.பி.ஏ. படித்தாள், கோயமுத்தூரில் வேலை, கல்யாணம். கல்யாணத்துக்கு ரேணுகாவைக் கூப்பிடவில்லை. பத்திரிகையில் பேர் எழுதிவிட்டு, அப்புறம் மாப்பிள்ளை வீட்டார், ஹோட்டல் ஹால், பஃபே, அவள் வந்து எங்கே நிற்பாள், யாரோடு பேசுவாள் என்று நினைத்து, அவளுக்குச் சங்கடமாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பையிலேயே வைத்துவிட்டாள். அவளுக்குச் சங்கடமாம். யாருக்குச் சங்கடம் என்று அப்போதே தெரியும். தெரிந்ததைத் தெரியாத மாதிரி மடித்து வைக்கிற பழக்கம் அன்றைக்குத்தான் ஆரம்பித்ததா, அதற்கும் முன்னாலேயே இருந்ததா. சின்னியம்பாளையம் தாண்டி பஸ் வேகம் எடுத்தது. வெயில் மடிமேல் வந்து ஃபைலின் பிளாஸ்டிக் உறையைச் சூடாக்கியது. இந்த ஃபைலுக்குள்தான் இருக்கிறது அவள் எழுதின அந்த அறிக்கை, ஒரு பிரதி. எதற்கு எடுத்துவந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கூட்டத்துக்கு அது வேண்டாம். அதில் இருக்கிறதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஏழாவது பக்கம், மூன்றாவது பத்தி. ஏழாவது பக்கத்தை மட்டும் நினைக்க வேண்டாம், வேறு எதையாவது நினைக்கலாம், பருத்தி, பருத்தி விலை.

பருத்தி விலை தை மாசம் வரை பெரிதாக ஏறாது. நூல் விலை அதற்குப் பின்னால் போகும். நூல் இறங்கினால் ஆடைக் கம்பெனிக்கு லாபம், நூற்பாலைக்கு நஷ்டம், எனவே நூற்பாலைப் பங்குகளில் அவசரப்பட வேண்டாம், ஏற்றுமதி செய்யும் ஆடைக் கம்பெனிகளில், அதுவும் ஒரே நாட்டை நம்பியிருக்காத கம்பெனிகளில், கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம். கூலிச் செலவு. இங்கேதான் வந்து இடிக்கிறது. எந்தப் பக்கம் சுற்றிப் போனாலும் கூலிச் செலவில் வந்து நிற்கிறது. தேனருவி அப்பேரல்ஸ். ஆனி மாசம் அந்தக் கம்பெனியைப் பார்க்கப் போனார்கள், ஆய்வாளர்கள் அஞ்சு பேர். தலையில் போட ஒரு வலைத்தொப்பி கொடுத்தார்கள், காலுக்கு உறை. நிதி அதிகாரி கூடவே வந்தார், சிரித்த முகம், சட்டைப் பையில் இரண்டு பேனா. முதல் யூனிட்டைக் காட்டினார், இரண்டாவது யூனிட்டையும் மேலோட்டமாகக் காட்டினார். நாற்பது மெஷின் ஒரு லைன், அப்படி ஆறு லைன். நடுவில் நடந்து போகும்போது யாரும் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த மெஷின் சத்தம் ஒரே வினாடியில் அவள் காலுக்குள் ஏறி பதினெட்டு வயசாக்கிவிட்டது. அப்போதுதான் நாலாவது லைன் கடைசியில், தைத்து வந்த துணிக்குள் உள்ளங்கையை விட்டு ஒரு தரம் சுழற்றிய ஒரு கையைப் பார்த்தாள். முகமூடி, தொப்பி, கண் மட்டும்தான் தெரிந்தது. கையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மற்றவர்கள் காபிக்குப் போனார்கள். அவள் கை கழுவ வேண்டும் என்று பின்தங்கினாள். தண்ணிக் குழாய்ப் பக்கம் ரேணுகா வந்தாள். "துளசிதான? அடையாளமே தெரியல. அதிகாரியாட்டமிருக்கற." எத்தனை நேரம் பேசியிருப்பார்கள், ரெண்டு நிமிஷம், மூணு. குழந்தைகள் எத்தனை, வீடு எங்கே. ரேணுகாவுக்கு ஒரே மகள், பி.காம். படிக்கிறாள். வீட்டுக்காரர் போய் ஆறு வருஷம். அப்புறம் குரலை இறக்கி, அவள்தான் சொன்னாள், கேட்காமலேயே சொன்னாள். "இந்த யூனிட்ட மூடப்போறாங்களாட்ட இருக்குது புள்ள. ஞாயித்துக்கெழம ஆளுக வந்து மெஷினையெல்லாம் கணக்கெடுத்து, அடியில பச்ச ஸ்டிக்கர் ஒட்டிட்டுப் போயிருக்கறாங்க. ஒடிசாவுக்குப் போகுதாம். எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லல. நீ யாருகிட்டயும் சொல்லிராத சாமி. என்ற பேரு வந்தா அன்னிக்கே வெளிய அனுப்பிருவாங்க." சொல்லமாட்டேன் என்று துளசிமணி அவள் கையைப் பிடித்தாள். ஈரக் கை. தன் கையும் ஈரம். ரெண்டு ஈரமும் சேர்ந்து வழுக்கிற்று.

சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. எழுதினாள். கருமத்தம்பட்டியில் பஸ் நின்று ஒரு கூட்டம் ஏறியது. பக்கத்து இடத்தில் ஒரு அம்மாள் பெரிய பை ஒன்றைக் காலடியில் தள்ளிவிட்டு, கொஞ்சம் நவுந்துக்கம்மிணி என்று உட்கார்ந்தார். நகர்ந்தாள். சொல்வது வேறு, எழுதுவது வேறா? ராத்திரி எத்தனை தடவை இதைக் கேட்டிருப்பாள். ரேணுகா பேர் அதில் இல்லை. ஒரு தொழிலாளி சொன்னார் என்றுகூட இல்லை. 'எங்கள் கள விசாரிப்பில் தெரியவருவது' என்றுதான் இருந்தது. கள விசாரிப்பு. எவ்வளவு கனமான, எவ்வளவு சுத்தமான வார்த்தை, சோப்புப் போட்டுக் கழுவின மாதிரி. எல்லோரும்தான் செய்கிறார்கள், கடைக்காரரிடம் கேட்பது, லாரிக்காரரிடம் கேட்பது, வாட்ச்மேனுக்கு டீ வாங்கிக் கொடுப்பது. அது தொழில். அவள் தொழில். 'இரண்டாவது யூனிட்டை வட மாநிலத்துக்கு மாற்றும் பணி தொடங்கிவிட்டது. இதனால் கூலிச் செலவு விற்பனையில் நாலு சதவீதம் அளவுக்குக் குறையும், லாப விகிதம் உயரும், பங்கை வாங்கலாம்.' அதோடு நிறுத்தியிருக்கலாம். அதோடு நிறுத்தியிருந்தால் யாரோ மேலே இருப்பவர்கள், ஒரு மேனேஜர், ஒரு ஆடிட்டர், லாரி பேசின ஆள், எவனோ ஒருவன் வாயை விட்டான் என்று கம்பெனி நினைத்திருக்கும். ஆனால் படித்துப் பார்த்துவிட்டு அவள் முதலாளி விசாகமூர்த்தி சார், நல்லாருக்கும்மா, ஆனா படிக்கறவனுக்கு நம்பிக்கை வரணுமே, நேர்ல பாத்த மாதிரி ஏதாச்சும் ஒண்ணு சேத்தும்மா என்றார். அவள் யோசித்தாளா? யோசிக்கவே இல்லையே. அங்கேயே, அவர் மேஜை முன்னால் நின்றபடியே, பேனாவை எடுத்து ஓரத்தில் எழுதினாள். 'எந்திரங்களின் அடிப்பகுதியில் இதற்கான பச்சை ஸ்டிக்கர்கள் ஏற்கெனவே ஒட்டப்பட்டுள்ளன.' அடிப்பகுதியில். பச்சை. எழுதும்போது ஒரு சந்தோஷம் வந்தது, அதை மறுக்க முடியாது, ஒரு வாக்கியம் சரியாக வந்து விழுந்தால் வருகிற சந்தோஷம். பார்வையிட வந்த ஆய்வாளர் யாரும் குனிந்து மெஷினுக்கு அடியில் பார்க்க முடியாது. உட்கார்ந்து தைக்கிறவளுக்குத்தான், கீழே விழுந்த நூல்கண்டை எடுக்கக் குனிகிறவளுக்குத்தான் அது தெரியும். ஒரு குழந்தைக்குக்கூடப் புரியுமே இது. அவளுக்கு மட்டும் அன்றைக்கு எப்படிப் புரியாமல் போயிற்று? புரியாமல் போயிற்றா?

இந்த இடத்தில்தான் எப்போதும் நூல் சிக்கிக்கொள்ளும். மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். வேலை அவசரம் என்று சொல்லலாம். ஆனால் எழுதி முடித்து, பேனாவை மூடும்போது, ஒரு வினாடி, அரை வினாடி, ரேணுகாவின் ஈரக் கை ஞாபகம் வந்தது. வந்தது. அது வராமல் போயிருந்தால் தப்பு நடந்ததாக இருக்கும். வந்த பிறகும் பேனாவை மூடியதற்கு வேறு பேர். அறிக்கை வெளியான நாலாம் நாள் பங்கு விலை ஏற ஆரம்பித்தது. ஆவணியில் கம்பெனியே அதிகாரபூர்வமாக அறிவித்ததும் இன்னும் ஏறியது. ஆபீஸில் எல்லோருக்கும் மைசூர்பா கொடுத்தார்கள். சந்தைக்கு ஒரு மாதம் முன்னாலேயே சொன்ன பெண் என்று பேர் வந்தது, டி.வி.யில் கூப்பிட்டார்கள், இந்த மாதிரிக் கூட்டங்களுக்குக் கூப்பிட்டார்கள். மைசூர்பா நல்ல நெய். வாயில் வைத்ததும் கரைந்தது. அன்றைக்குச் சாயங்காலம்தான் ரேணுகா முதல் தடவை போன் செய்தாள், நம்பரை யாரிடமோ வாங்கி. "வேலை போயிருச்சு புள்ள. ஒரு மாசமாச்சு. கேமராவுல பாத்தாங்களாம், வெளியாளுககூட என்னத்துக்குப் பேசினேன்னு கேட்டாங்க. ஸ்கூல் சிநேகிதின்னு சொன்னேன். நம்பல. கேட்டுக்குள்ளயே விடல." குரலில் புகார் இல்லை. வெயில் ஜாஸ்தி, மழை கம்மி என்பது மாதிரிச் சொன்னாள். துளசிமணி, அடப் பாவமே என்றாள். அடப் பாவமே. வேறு யாரோ செய்ததைக் கேட்ட மாதிரி. அந்த அடப் பாவமேதான் இரண்டாவது. எழுதியது முதலாவது என்றால், இது அதைவிட மோசம். எழுதியபோது அரை வினாடிதான். இது இரண்டு மாதம். மூன்று தடவை போனில் பேசினார்கள். மூன்று தடவையும் நாக்கு நுனிவரை வந்து, மகள் எப்படிப் படிக்கிறாள், வேற எடத்துல வேலை பாத்தயா என்று வேறு கேள்வியாக மாறி வெளியே விழுந்தது. வேறு இடத்தில் நாற்பதைத் தாண்டியவர்களை எடுப்பதில்லையாம். கண் பார்வை கேட்கிறார்களாம். கையைக் கேட்பதில்லை போலிருக்கிறது.

அவிநாசியில் பஸ் அஞ்சு நிமிஷம் நின்றது. வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவள் ஜன்னலுக்கு நேரே தட்டைத் தூக்கிப் பிடித்தாள். பக்கத்து அம்மாள் ரெண்டு கூறு வாங்கி, ஒன்றை அவளிடம் நீட்டினார். வேண்டாங்க என்றாள். "அட எடுத்துக்க அம்மிணி, மொகம் வாடிக் கெடக்குது. எங்க, கம்பெனி வேலைக்கா?" இல்லீங்க, ஒரு கூட்டத்துக்கு என்றாள். "என்ன கூட்டம்?" ஷேர் மார்க்கெட் பத்திங்க. அந்த அம்மாள் தலையை ஆட்டினார். "எங்க மருமகன்கூட அதுல போட்டிருக்கறாப்டி. ஏறுது ஏறுதுன்னு சொல்றாரு. ஏறினா யாருக்கோ எறங்கோணுமில்ல?" சும்மாதான் கேட்டார், பதிலுக்குக் காத்திருக்காமல் பிஞ்சைக் கடித்துவிட்டு வெளியே பார்க்க ஆரம்பித்தார். துளசிமணிக்குப் பதில் தெரியும். அப்படி இல்லீங்க, இது சீட்டாட்டம் இல்லை, கம்பெனி வளர்ந்தால் எல்லோருக்கும் லாபம் என்று நூறு கூட்டத்தில் சொல்லியிருக்கிறாள். வாங்கிக் கடித்த பிஞ்சின் உப்பும் மிளகாய்ப்பொடியும் வாயில் எரிந்தது. இந்த நாலு சதவீதம் எங்கேயிருந்து வருகிறது? கணக்குத் தாளில் அது ஒரு கட்டத்திலிருந்து மறைந்து இன்னொரு கட்டத்தில் முளைக்கும். அவ்வளவுதான். நடுவில் யாரும் இல்லை. நாலாவது லைன் இல்லை, தண்ணிக் குழாய் இல்லை. தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கிறது. யூனிட்டை மூடுவது தீபாவளி கழித்து என்பதால் இருக்கிறவர்களுக்கெல்லாம் போனசும் கணக்குத் தீர்க்கிற பணமும் சேர்த்துக் கொடுக்கப் போகிறார்களாம். ரேணுகாவுக்கு மட்டும் போனஸ் கிடையாது. பதினோரு வருஷத்துக்கு பி.எஃப். மட்டும். அந்த பி.எஃப். பணத்தைத்தான் எதில் போடலாம் என்று துளசிமணியைக் கேட்கப்போகிறாள்.

எதில் போடலாம். தெரியாத ஆளாக இருந்தால் என்ன சொல்வாள்? மூன்றில் ஒரு பங்கு பேங்கில் டெபாசிட், ஒரு பங்கு மியூச்சுவல் ஃபண்ட், மிச்சத்தில் ரெண்டு மூன்று நல்ல ஆடைப் பங்குகள். எந்த ஆடைப் பங்கு? இருக்கிறதிலேயே எது நல்லது? அவள் கணக்குப்படி, இன்றைய தேதியில், மனசாட்சியைத் தொட்டு, மனசாட்சி என்ற வார்த்தை வந்ததும் சிரிப்பு வந்தது, சிரிப்பு என்று சொல்ல முடியாது, மூக்கு வழியாக ஒரு காற்று, பக்கத்து அம்மாள் திரும்பிப் பார்த்தார். இருக்கிறதிலேயே நல்லது தேனருவிதான். அதில் சந்தேகமே இல்லை. இன்னும் ஏறும். யாரை வெளியே தள்ளினதால் ஏறுகிறதோ அவளிடமே, வாங்கிக்கோ ரேணு, உன் சம்பளம் மிச்சமானதில் உனக்கும் ஒரு பங்கு என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் அவளுக்கு வரக்கூடிய லாபத்தையும் கெடுத்தவளாவாள். சொன்னால் என்னவாவாள்? ஏதாவது ஒரு பக்கம் சுத்தமாக இருக்கும் என்று தேடித் தேடிப் பார்க்கிறாள், துணியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற மாதிரி, எந்தப் பக்கம் உதறினாலும் கறை. திருமுருகன்பூண்டி தாண்டியாயிற்று. உடம்பு சரியில்லை என்று போன் செய்துவிட்டு அம்மாபாளையத்தில் இறங்கி எதிர்ப் பக்கம் பஸ் பிடித்தால் என்ன? நூற்றைம்பது பேர். ரேணுகா ஸ்டாப்பில் வந்து நிற்பாள், நின்று பார்த்துவிட்டு, பஸ் லேட்டு போலிருக்கிறது என்று அடுத்த பஸ்ஸுக்கும் நிற்பாள். அம்மாபாளையம் வந்தது. கால் எழவில்லை. தைரியமா, சோம்பலா, தெரியவில்லை. ரேணுகாவுக்குத் தெரிந்திருக்குமோ என்கிற பயம் ஒரு பக்கம், தெரிந்திருக்கக் கூடாதா என்கிற ஏக்கம் ஒரு பக்கம். தெரிந்திருந்தால் அவளே கேட்டுவிடுவாள், இவள் சொல்ல வேண்டியதில்லை. பார், இப்போதும் வேலையை அவள் தலையில்தான் கட்டப் பார்க்கிறது மனசு. உன் குவியலையும் அவளே பார்த்துக்கொள்ளட்டும்.

புஷ்பா ஸ்டாப்பில் இறங்கியபோது மணி மூன்று பத்து. ரேணுகா நிழலில்லாத இடத்தில் நின்றிருந்தாள். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, தலையில் ஒரு முழம் கனகாம்பரம். ஏதோ விசேஷத்துக்கு வந்தவள் மாதிரி இருந்தாள். இவளைப் பார்த்ததும் கையை ஆட்டி, வா வா, வெயிலு கொல்லுது, ஒரு டீ குடிச்சுட்டுப் போலாம் என்று எதிரில் இருந்த பேக்கரிக்குள் கூட்டிப் போனாள். டீக்கு அவளே காசு கொடுத்தாள். தடுக்கக் கூட இவளுக்குக் கை வரவில்லை. மேஜையில் இரண்டு கிளாஸ். டீமேல் ஆடை படிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, துளசிமணி சொன்னாள்.

"ரேணு, உன்ற வேலை போனதுக்கு நான்தான் காரணம்."

ரேணுகா கிளாசை எடுத்து ஊதினாள். ஒரு மடக்குக் குடித்தாள்.

"நீ சொன்னத நான் எழுதிட்டேன். ஸ்டிக்கர் பச்சைங்கறதையும், அடியில ஒட்டினதையும். அத வெச்சுத்தான் அவங்க கண்டுபிடிச்சிருக்கோணும். உன் பேரு எழுதல, ஆனா..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"என்ற பொண்ணு போன்ல படிச்சுக் காட்டினா. ஆவணியிலயே. இங்கிலீசுல இருந்துச்சு, தமிழ்ல சொல்லச் சொன்னேன். பச்ச ஸ்டிக்கர்னு வந்த ஒடனே, ம், சரி, நிறுத்துன்னுட்டேன்."

பேக்கரியில் மிக்ஸி ஓடியது. ஆவணியிலேயே. அப்படியென்றால் அந்த இரண்டாவது போன், மூன்றாவது போன், இன்று காலை போன், எல்லாம் தெரிந்துகொண்டுதான்.

"தெரிஞ்சும் ஏன் என்னையக் கூப்பிட்ட?"

"வேற யார எனக்குத் தெரியும்?" என்றாள் ரேணுகா. "மொதல்ல நீயாச் சொல்லுவயான்னு பாத்தேன். வீட்டுல ஒக்காந்து உன்னையத் திட்டியுமிருக்கறேன். அப்புறம் அதுக்கும் நேரமில்லாமப் போச்சு. பொண்ணுக்கு அடுத்த வருசம் பீசு கட்டோணும். இந்தப் பணம் ஒண்ணுதான் கையில இருக்கற பணம். அத யாருகிட்டயோ குடுத்து ஏமாறறதுக்கு, ஏமாத்தினாலும் மொகம் தெரிஞ்ச ஆளு நீ."

"என்னை மன்னிச்சிரு ரேணு."

"அதெல்லாங் கேக்காத. கேட்டா நான் என்ன பதில் சொல்றது? சரின்னு சொன்னா பொய்யி. இல்லீன்னு சொன்னா உன்னையப் பாக்க வந்ததே தப்பாயிரும்." கிளாசைக் கீழே வைத்தாள். "அந்தக் கம்பெனி ஷேரு நல்லா ஏறுதாமே. இன்னும் ஏறுமா?"

துளசிமணி தன் கிளாசைத் தள்ளிவைத்தாள். "அத வாங்காத."

"ஏன், எறங்கிருமா?"

"எறங்காது."

"ஏறுமா?"

"ஏறும்னுதான் நெனைக்கறேன்."

"அப்புறம் ஏன் வேண்டாங்கற?"

ஏன் வேண்டாம் என்கிறாள்? ரேணுகாவுக்காகவா, தனக்காகவா? ரேணுகா அதை வாங்கினால், ஏறுகிற ஒவ்வொரு ரூபாயும் தன்னைப் பார்த்துச் சிரிக்கும் என்பதற்காகவா? ரேணுகா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்தாள். "சரி விடு. மேடையில சொல்லுவயில்ல, அங்க கேட்டுக்கறேன். நடக்கலாம், நேரமாச்சு."

மண்டபம் நிறைந்திருந்தது. பாதிப் பேர் ஓய்வு பெற்றவர்கள், சிலர் கடை வைத்திருப்பவர்கள், கொஞ்சம் இளவட்டங்கள். ரேணுகா நாலாவது வரிசையில் நடுவில் போய் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து நாற்பது பக்க நோட்டும் பேனாவும் எடுத்து மடியில் விரித்தாள். துளசிமணி பேசினாள். பருத்தி, நூல், டாலர், வரி. குரல் தன்பாட்டில் போயிற்று, யாருடைய குரலோ மாதிரி. திரையில் தேனருவி அப்பேரல்ஸ் வந்தது. பச்சை எழுத்தில் நாலு சதவீதம். அதைப் பார்த்ததும் குரல் நின்றது. முன்வரிசையில் ஒருவர் தண்ணீர் வேணுமா என்று சைகையில் கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினாள். பிறகு, தயார் செய்துவராத ஒன்றைச் சொன்னாள்.

"இந்த நாலு சதவீதம் எங்கிருந்து வருதுன்னு நான் எந்தக் கூட்டத்துலயும் சொன்னதில்லீங்க. இரண்டாவது யூனிட்ல ஆறு லைன். லைனுக்கு நாற்பது பேர். இருநூத்தி நாற்பது பேர் தீபாவளி கழிச்சு வீட்டுக்குப் போறாங்க. அதுல ஒருத்தர் முன்னாடியே போயிட்டாங்க. யாருகிட்டயும் சொல்லாதேன்னு அவங்க என்னை நம்பிச் சொன்னத நான் அறிக்கையில எழுதினேன். அதனால அவங்க வேலை போச்சு. நீங்க எல்லாம் சரியாச் சொன்னேன்னு பாராட்டற அந்த அறிக்கை அதுதான்."

நோட்டீசு அடித்தவர் பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து ஏதோ கேட்டார். விசாகமூர்த்தி சாருக்கு இன்று சாயங்காலத்துக்குள் விஷயம் போய்விடும். போகட்டும். வேலை போகுமா, போகும் போலத்தான் இருக்கிறது, அந்த நினைப்பு வந்து ஒரு ஓரமாக உட்கார்ந்தது, பயமாக இல்லை, இன்னும் பயமாக இல்லை. சொல்லிவிட்டோம், இதோ சொல்லியாயிற்று, இனி நெஞ்சில் ஏதாவது இறங்க வேண்டுமே, லேசாக வேண்டுமே என்று அவள் காத்திருந்தாள். ஒன்றும் இறங்கவில்லை. ஐந்தாவது வரிசையில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் கையைத் தூக்கினார். மரியாதையான மனிதர், எழுந்து நின்றுதான் கேட்டார்.

"கேக்கவே கஷ்டமா இருக்குதுங்க மேடம். பாவம். ஆனா ஒரு சந்தேகம். இந்த நாலு சதவீதம் முழுசா கணக்குல வந்த பின்னாடி, விலை எவ்வளவு வரைக்கும் போகும்ங்க?"

நூற்றைம்பது முகங்கள் அவள் பக்கம் திரும்பின. துளசிமணி நாலாவது வரிசையைப் பார்த்தாள். ரேணுகா நோட்டில் கம்பெனி பேரை எழுதி, அதற்கு நேரே ஒரு கோடு போட்டு, பேனாவை அந்தக் கோட்டின் முனையில் வைத்துக்கொண்டு, பதிலுக்காக இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.